இந்த இரசம் எங்கிருந்து வந்தது?



ஒவ்வொரு திருப்பலியிலும் காணிக்கை நேரத்தில் இரண்டு சிறு குப்பிகள் பீடத்துக்கு வருகின்றன. ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் திராட்சை இரசம். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். இரசம் எங்கிருந்து வந்தது? எந்தத் தோட்டத்துப் பழம்? யார் பிழிந்தது? அதில் வேறு எதுவும் கலந்திருக்கிறதா? நம்மில் பெரும்பாலோர் இப்படிக் கேட்டதில்லை. ஆனால் திருச்சபை கேட்கிறது. வலியுறுத்தியே கேட்கிறது.

1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும், இன்று நடைமுறையில் உள்ள 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 924-ஆம் சட்டத்திலும் விதி ஒன்றுதான். இரசம் இயற்கையானதாக இருக்க வேண்டும். திராட்சைக் கனியிலிருந்து வந்திருக்க வேண்டும். கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும். 2004 மார்ச் 25 அன்று திருவழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுரை இதை இன்னும் தெளிவாக்கியது. உண்மையானதா, எங்கிருந்து வந்தது என்ற ஐயம் உள்ள இரசத்தைப் பயன்படுத்தவே கூடாது என்றது. 2017-இல் அதே பேராயம் ஆயர்களுக்கு ஒரு சுற்றுமடல் அனுப்பியது. முன்பெல்லாம் திருப்பலிக்கான அப்பத்தையும் இரசத்தையும் துறவற இல்லங்கள் போன்ற சில குழுக்களே பொறுப்பேற்றுச் செய்து தந்தன. இன்று கடைகளிலும் இணையத்திலும் விற்கிறார்கள். ஆகவே சான்றிதழ் போன்ற ஏற்பாடுகளால் அவற்றின் உண்மைத்தன்மையை உறுதிசெய்யலாம் என்று அந்த மடல் யோசனை கூறியது.

கெட்டது என்று நிரூபணமானால் ஒதுக்குங்கள் என்று மட்டும் திருச்சபை சொல்லவில்லை. ஐயம் இருந்தாலே ஒதுக்குங்கள் என்கிறது. ஏன் இவ்வளவு கண்டிப்பு? வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும். திராட்சை இரசத்தைப் பொறுத்தவரை கண்ணும் ஏமாந்திருக்கிறது, நாக்கும் ஏமாந்திருக்கிறது. பல இடங்களில் உண்மையைக் காட்டிக்கொடுத்தது எழுதி வைத்த கணக்குதான்.

இரசத்துக்குக் கணக்கு எழுதுவது மிகப் பழைய வழக்கம். எகிப்திய அரசன் துட்டன்காமனின் கல்லறையை 1922-இல் திறந்தபோது அங்கே இரச ஜாடிகளும் இருந்தன. அவற்றின்மேல் ஆண்டு, தோட்டம், இரசம் செய்த தலைமைப் பணியாளரின் பெயர் எல்லாம் எழுதப்பட்டிருந்தன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்து அது. இஸ்ரயேலின் தலைநகரான சமாரியாவில் 1910-இல் ஏறத்தாழ நூறு ஓட்டுச் சில்லுகள் கிடைத்தன. கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவற்றில் அரசனின் எத்தனையாம் ஆட்சி ஆண்டு, எந்த ஊர், யார் பெயரில், ஒரு ஜாடி பழைய இரசமா அல்லது எண்ணெயா என்று மையால் குறித்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயர்களில் அபியேசர் ஒன்று. நீதித் தலைவர் கிதியோனின் குலப் பெயர் அது. விவிலியத்தில் நாம் வாசிக்கும் மக்களின் வழித்தோன்றல்கள் அரண்மனைக்கு அனுப்பிய இரசத்தின் ரசீதுகள் இன்றும் கையில் எடுத்துப் பார்க்கும்படி இருக்கின்றன.

ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் அரசனுக்கும் களஞ்சியத்துக்கும் உரியது. குடிக்கிறவரைக் காப்பாற்றவும் கணக்கு வேண்டும் என்பதை மனிதர்கள் துன்பப்பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள்.

1690-களில் ஜெர்மனியின் உல்ம் நகரில் கடுமையான வயிற்று வலி பரவியது. அந்நகரத்து மருத்துவர் எபர்ஹார்ட் கோக்கெல் துறவற இல்லங்களுக்கும் வைத்தியம் பார்த்தவர். துறவிகள் பலர் வலியில் துடித்தார்கள். ஆனால் இரசம் அருந்தாத துறவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கவனித்த கோக்கெல், இரசம் வந்த வழியைத் தேடிப் போனார். புளித்த இரசத்தை இனிப்பாக்க வியாபாரிகள் ஈயக் கலவை ஒன்றைச் சேர்த்து வந்தது தெரிந்தது. நம் சித்த வைத்தியர்கள் மிருதார்சிங்கி என்று சொல்லும் பொருள்தான் அது. குடித்தவருக்கு அது இனிக்கவே செய்தது. விஷம் என்று நாக்குக்குத் தெரியவில்லை. 1696-இல் வூர்ட்டம்பெர்க் நாட்டுக் கோமகன், இரசத்தில் ஈயம் கலப்பவர்களுக்கு மரண தண்டனை என்று ஆணையிட்டார்.

தண்டனை கடுமையானது. ஆனால் தண்டிப்பதற்கு முன் யார் கலந்தது என்று தெரிய வேண்டுமே? அதற்கு வழி கண்டுபிடிக்க இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின. அந்த வழியைப் பிரான்சு நாட்டு ஏழை விவசாயிகளே போராடிப் பெற்றார்கள். அவர்கள் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்சரா என்னும் நுண்ணிய பூச்சி, பிரான்சின் திராட்சைக் கொடிகளின் வேர்களைத் தின்று அழித்தது. 1875-இல் அந்த நாட்டில் 800 கோடி லிட்டருக்கு மேல் இரசம் உற்பத்தியானது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அது பாதிக்கும் கீழே போனது. ஆனால் குடிக்கிறவர்கள் குறையவில்லை. அந்தப் பள்ளத்தைப் போலி வந்து நிரப்பியது. கிரேக்கத்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் உலர்ந்த திராட்சையை இறக்கி, ஊறவைத்து இரசமாக்கினார்கள். பிழிந்த சக்கையின்மேல் தண்ணீரும் சர்க்கரையும் ஊற்றி மறுபடி நொதிக்க வைத்தார்கள். 1889-இல் பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் செய்தது. புதிய திராட்சையை நொதிக்க வைத்துப் பெறுவதற்கு மட்டுமே இரசம் என்று பெயர் என்றது. சட்டம் நல்லதுதான். ஆனால் எது புதிய திராட்சையிலிருந்து வந்தது, எது சர்க்கரை மூட்டையிலிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு யாரிடமும் கணக்கு இல்லை.

அமெரிக்கக் கொடியின் வேர்மேல் ஒட்டுக்கட்டித் தோட்டங்கள் மீண்டும் தழைத்தன. ஆனால் போலி ஓயவில்லை. 1903-இல் சர்க்கரை வரி குறைந்தது. இரசத்தின் விலை மண்ணில் விழுந்தது. உற்பத்தி மிகுந்ததும், அல்ஜீரியாவிலிருந்து இரசம் வந்து குவிந்ததும் காரணங்கள்தான். இருந்தாலும், கடன் வாங்கிக் கொடி நட்டு வெயிலில் வெந்த விவசாயியின் நெஞ்சை அறுத்தது வேறொன்று. தோட்டமே இல்லாதவன் சர்க்கரையைக் கரைத்து அதே பெயரில், அதே சந்தையில், அவனைவிட மலிவாக விற்றுக்கொண்டிருந்தான்.

1907 மார்ச் 11 அன்று தெற்கு பிரான்சின் ஆர்ஜெலியே என்ற சிற்றூரிலிருந்து 87 விவசாயிகள் நார்போன் நகருக்கு நடந்தார்கள். அவர்கள் தலைவர் மார்செலின் அல்பெர், சிறு தோட்டமும் ஒரு காப்பிக் கடையும் வைத்திருந்தவர். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகக் கூட்டம் பெருகியது. ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அந்த இரவில் தங்க இடமில்லாமல் தெருவில் நின்றவர்களுக்காக ஆயர் தெ கப்ரியேர் தம் பேராலயத்தையும் நகரின் கோயில்களையும் திறந்துவிடச் சொன்னார். திருச்சபைக்கும் பிரெஞ்சு அரசுக்கும் உறவு முறிந்திருந்த காலம் அது. இரண்டையும் பிரிக்கும் சட்டம் 1905-இல்தான் நிறைவேறியிருந்தது. வந்தவர்களில் திருச்சபையை எதிர்ப்பவர்களும் இருந்தார்கள். யார் எந்தக் கட்சி என்று ஆயர் கேட்கவில்லை. கதவு திறந்தது, களைத்தவர்கள் உறங்கினார்கள்.

பிறகு இரத்தம் சிந்தியது. ஜூன் 19, 20 ஆகிய நாள்களில் நார்போன் நகரில் படையினர் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி கேட்டு, அதே பகுதி இளைஞர்கள் நிறைந்த 17-ஆம் காலாட்படைப் பிரிவில் சில நூறு வீரர்கள் கலகம் செய்தார்கள். கடைசியில் ஜூன் 29 அன்று ஒரு சட்டம் வந்தது. திராட்சை பயிரிடும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் தம் ஊராட்சி அலுவலகத்துக்குச் சென்று, எவ்வளவு நிலத்தில் கொடி இருக்கிறது, இந்த ஆண்டு எவ்வளவு இரசம் செய்தேன், பழைய இருப்பு எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். அந்தப் பதிவு ஊரார் பார்க்கும்படி இருக்கும். பெரிய அளவில் சர்க்கரை விற்பவர்கள்மீதும் கண்காணிப்பு வந்தது.

பாருங்கள், எவ்வளவு எளிய வழி! நூறு பீப்பாய் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தவர் நூற்றைம்பது பீப்பாய் விற்றால், ஐம்பது பீப்பாய் கொடியில் காய்த்ததல்ல என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஏறத்தாழ 100 கிலோ திராட்சை பிழிந்தால் 70 லிட்டர் அளவுக்குத்தான் இரசம் கிடைக்கும். நிலத்தின் அளவு தெரிந்தால் பழத்தின் அளவு தெரியும். பழத்தின் அளவு தெரிந்தால் இரசத்தின் அளவு தெரியும். கூட்டல் கழித்தல் தெரிந்த ஒருவர் போதும். பொய் வெளியே வந்துவிடும்.

கணக்கு என்றால் அரசாங்கம் ஏழைமீது ஏற்றும் சுமை என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். இங்கோ போலியைத் தடுக்கும் சட்டம் கேட்டு இலட்சக்கணக்கான ஏழைகள் தெருவுக்கு வந்தார்கள். நேர்மையாக உழைக்கிறவருக்குத் தம் நேர்மையைக் காட்டச் சாட்சி வேண்டும். எழுதிய பதிவேடு அந்தச் சாட்சி.

இந்தச் சாட்சி நம் கிறிஸ்தவப் பெயருக்குள்ளேயே நுழைந்த பொய்யையும் ஒருமுறை காட்டிக்கொடுத்தது. 1920-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தபோது, வழிபாட்டுக்கான இரசத்துக்கு மட்டும் அனுமதிச் சீட்டோடு விலக்கு அளித்தார்கள். 1922-இல் அப்படி எடுக்கப்பட்ட இரசம் சுமார் 21 இலட்சம் கேலன். இரண்டே ஆண்டுகளில் அது 29 இலட்சம் கேலனாக உயர்ந்தது. இரண்டு ஆண்டில் பக்தி அவ்வளவு வளர்ந்துவிட்டதா? இல்லை. பீடத்தின் பெயரைச் சொல்லி எடுத்ததில் ஒரு பகுதி வேறு மேசைகளுக்குப் போயிருந்தது. பொய்யாகக் குரு வேடமும் ரபி வேடமும் போட்டவர்கள் இருந்தார்கள். சீட்டும் எண்ணிக்கையும் இருந்ததால்தான் அந்த உயர்வைக் கண்டு ஐயப்பட முடிந்தது.

அடுத்து, நம் காலத்திலேயே நடந்த இரண்டு நிகழ்ச்சிகள். 1985-இல் ஆஸ்திரியா நாட்டில் சில வியாபாரிகள் இரசத்துக்கு இனிப்பும் கனமும் சேர்க்க டைஎத்திலீன் கிளைகால் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைக் கலந்தது வெளியே வந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் என்று பதிவாகவில்லை. ஆனால் அந்த நாட்டின் இரச ஏற்றுமதி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. கலந்தவர் சிலர், இழந்தவர் எல்லாரும். தலைமுறை தலைமுறையாக ஒரு துளியும் கலக்காதவரின் குப்பியையும் யாரும் தொடவில்லை. அந்த ஆண்டே கடுமையான புதிய சட்டம் வந்தது. இன்று ஆஸ்திரியாவின் தரமான இரசக் குப்பியில் நாட்டுக் கொடியின் நிறத்தில் ஒரு பட்டையும், அரசு சோதித்துக் கொடுத்த எண்ணும் இருக்கும்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1986 மார்ச் மாதம், வட இத்தாலியில் மலிவு விலை இரசம் குடித்தவர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். பார்வை இழந்தவர்களும் உண்டு. இரசத்தின் வீரியத்தை உயர்த்திக் காட்ட, விலை மலிவான மெத்தனாலைச் சேர்த்திருந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைச் சிதைக்கும், உயிரையும் எடுக்கும். குப்பியிலிருந்து அதை அடைத்தவர், அவருக்கு விற்றவர் என்று பின்னோக்கித் தேடியபோது பீட்மாண்ட் பகுதியில் நார்சோலே என்ற ஊரின் ஒரு இரசக் கிடங்கு தெரியவந்தது.

மெத்தனால் என்ற சொல் நமக்கு அந்நியமல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதும் அதே விஷம்தான். அங்கே குடித்த பாக்கெட்டின்மேல் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை, செய்தவர் முகவரியும் இல்லை. எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத பொருளுக்கு விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் விலை கொடுத்தார்கள்.

இத்தனை துயரங்களுக்குப் பிறகு உருவானதுதான் இன்றைய ஏற்பாடு. ஐரோப்பாவில் எந்த உணவுப்பொருளை விற்பவரும், யாரிடமிருந்து வாங்கினேன், எந்த வியாபாரிக்குக் கொடுத்தேன் என்று காட்ட வேண்டும். 2002-ஆம் ஆண்டின் 178-ஆம் எண் விதிமுறை இது. 2005 ஜனவரி முதல் கட்டாயமானது. பின்னால் ஒரு படி, முன்னால் ஒரு படி. இதுதான் அதன் சாரம். இரசம் செய்பவருக்குக் கூடுதல் பதிவுகள் உண்டு. எந்தத் துண்டு நிலத்துக் கொடி, எத்தனை கிலோ பழம், எந்தத் தொட்டி, எப்போது வேறு தொட்டிக்கு மாற்றினார், சர்க்கரையோ வேறு பொருளோ எவ்வளவு சேர்த்தார், எந்த நாளில் குப்பியில் அடைத்தார் என்று எல்லாம் எழுத வேண்டும். லாரியில் ஏற்றினால் கூடவே ஒரு சீட்டுப் போகும். குப்பியின்மேல் அந்தத் தொகுதியின் எண் இருக்கும். ஒரு குப்பியில் குறை என்றால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தோட்டம் வரை திரும்பிப் போகலாம். அதே தொகுதியின் மற்றக் குப்பிகளையும் கடைகளிலிருந்து திரும்பப் பெறலாம். நம் நாட்டிலும் திருப்பலிக்கான இரசத்தைச் செய்ய அரசின் உரிமம் வேண்டும், கணக்கும் வேண்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு, அது நியாயமானது. பெரிய நிறுவனத்தில் கணக்கெழுதத் தனி ஆள் இருப்பார். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி பகலெல்லாம் கொடி வெட்டிவிட்டு, இரவில் விளக்கடியில் படிவம் நிரப்ப வேண்டும். அவருடைய களைப்பைச் சட்டம் செய்பவர்கள் மறக்கக் கூடாது. இன்னொன்று, ஏடு பொய்யும் சொல்லும். எழுதுகிற கை பொய்யானால் எழுத்தும் பொய்தான். ஆகவே நேர்மையின் இடத்தில் பதிவேட்டை வைக்க முடியாது. ஆனால் நேர்மையானவர் அதை எழுதும்போது, தாம் ஒருபோதும் சந்திக்கப்போகாத மனிதருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார்: இதை நான்தான் செய்தேன், குறை இருந்தால் என்னைத் தேடி வரலாம். முகம் தெரியாத அயலாரை அன்பு செய்வதற்கு இதுவும் ஒரு வழி.

பங்கு வாழ்க்கையில் இது நமக்குப் புதிதல்ல. திருமணப் பதிவேட்டைப் பங்குத்தந்தையர் வைத்திருக்க வேண்டும் என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் ஆணையிட்டது. இன்றும் ஒருவர் திருமணம் செய்ய வந்தால், அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கிலிருந்து சான்று கேட்கிறோம். திருமணம் முடிந்ததும் அந்தப் பங்குக்குச் செய்தி அனுப்புகிறோம். அங்கே அவருடைய திருமுழுக்குப் பதிவில் அதைக் குறிக்கிறார்கள். பின்னால் ஒரு படி, முன்னால் ஒரு படி. ஏமாற்றப்பட்டு இரண்டாம் தாரமாகப் போகவிருந்த பெண்ணை அந்த ஓரக் குறிப்பு காப்பாற்றும்.

கானாவூர்த் திருமணத்தை நினைத்துப் பார்ப்போம். பந்தி மேற்பார்வையாளர் இரசத்தைச் சுவைத்தார், நல்லது என்று பாராட்டினார். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் மொண்ட பணியாளருக்குத் தெரியும் என்று யோவான் நற்செய்தி குறிப்பிடுகிறது. பெரியவருக்குத் தெரியாததைக் குடம் தூக்கியவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் அறிந்திருந்ததால்தான் அந்த அரும் அடையாளத்துக்குச் சாட்சி இருந்தது. பொருளைக் கையால் தொட்டு உழைக்கிறவர்களின் சாட்சி அவ்வளவு பெரியது.

ஆகவே இந்த வாரம் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கோயிலில் இரசக் குப்பிகள் இருக்கும் அலமாரியில் ஒரு நோட்டும் இருக்கட்டும். எப்போது வாங்கியது, யாரிடம் வாங்கியது, குப்பியின்மேல் உள்ள எண் என்ன, எப்போது திறந்தது என்று கோயில்பிள்ளை அதில் எழுதட்டும். பங்குத்தந்தை அதைப் பார்த்துக் கையெழுத்திடட்டும். செக்கு எண்ணெய், ஊறுகாய், தேன் என்று செய்து விற்கும் நம் மகளிர் குழுக்கள், எந்த நாளில் செய்தது, எந்தச் சரக்கிலிருந்து செய்தது என்று ஒரு வரி குறித்து வைக்கட்டும். கடையில் வாங்கும்போது பாக்கெட்டின்மேல் செய்தவர் முகவரியும் தொகுதி எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால், விலை மலிவு என்பதற்காகப் பையில் போடாமல் இருப்போம். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுப்போம்.

கொடியின் கனியையும் உழைப்பவரின் வியர்வையையும் ஆசீர்வதிக்கும் ஆண்டவர், நம் கைகளையும் நம் கணக்குகளையும் உண்மையில் காப்பாராக. ஆமென்.